குடம் பன்னிரண்டு ரூபாய்

கத்திரி பிறந்து பதினோராம் நாள்.
வாலிநோக்கம் உப்பளத்தில்
காலை ஒன்பதுக்கே பாத்தியில் நிற்க முடியவில்லை.
வெயில் மேலிருந்து அடித்தது,
உப்பில் பட்டுக் கீழிருந்தும் அடித்தது.
எங்கள் எல்லோருக்கும் கண் சிவந்திருந்தது,
அழுகிற அளவுக்கு
யாரும் தண்ணீர் குடித்திருக்கவில்லை.

பதினொன்றரைக்கு வாருபலகையைக் கீழே விட்டாள் பூமயில்.
குனிந்து எடுக்கவில்லை.
"இன்னைக்கு என்ன கிழமை" என்றாள்,
பதில் சொன்னதும் மறுபடி கேட்டாள்.
கழுத்தைத் தொட்டேன்:
சுட்ட ஓடு மாதிரி காய்ந்து கிடந்தது.
வியர்க்கிறவள் பிழைப்பாள்,
வியர்வை நின்றவளை நிழலுக்குத் தூக்கு
என்று நர்ஸ் சொல்லியிருக்கிறது.
மோட்டார் கொட்டகையில் கிடத்தினோம்.
உப்புத்தண்ணீரில் துண்டை நனைக்கப் போனவளைத் தடுத்தேன்,
ஏற்கெனவே வெந்த தோல்.

மூன்று மணிக்கு மேற்கே மேகம்.
சிரித்தோம், பொய் சொல்வானேன்.
உப்பு கரைந்தால் கூலி போகும் என்று தெரிந்தும்
சிரித்தோம்.
மேகத்தின் அடியில் மழை தொங்குவது
இங்கிருந்தே தெரிந்தது,
கிழிந்த வலை மாதிரி.
பாதி வானத்தில் அது தீர்ந்து போவதும் தெரிந்தது.
தரைக்கு வந்தது இடி மட்டும்.

மேலத்தோப்பில் ஒற்றைப் பனை
உச்சியில் பற்றிக்கொண்டது.
எரிகிற காவோலை ஒவ்வொன்றாகக் கழன்று
கருவேலங்காட்டுக்குள் விழுந்தது.
பிறகு கச்சான் வீசியது,
புகை ஊருக்குள் நடந்து வந்தது,
வழி தெரிந்த விருந்தாளி போல.
தடைக்காலம். படகெல்லாம் கரையில்,
வலையெல்லாம் கொட்டகையில்,
டீசல் கேன் எங்கே என்று ஆளாளுக்கு ஓடினார்கள்.

சாயல்குடியிலிருந்து தீயணைப்பு வண்டி வந்தது.
பத்து நிமிஷத்தில் அதன் தண்ணீர் முடிந்தது.
அந்த நேரம் பார்த்துத்தான்
சீனி நைனாவின் தண்ணீர் லாரி முக்கில் திரும்பியது.
மூன்று நாளாய் வராத லாரி.
வரிசையில் நூற்றுச் சொச்சம் குடங்கள்,
சிலது போன வாரத்திலிருந்தே நிற்கின்றன.
தீயணைப்புக்காரர் லாரியைப் பார்த்தார்.
நைனா எங்களைப் பார்த்தார்.
"காசு யாரு தருவா?"
ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.
ஒருத்தி இருமினாள்,
அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாரோ என்னவோ,
குழாயை மாட்டச் சொன்னார்.

மாட்டுகிற அவசரத்தில்
செபத்தி மட்டும் ரெண்டு குடம் பிடித்துவிட்டாள்.
"ஊரே வேகுது, ஒனக்குக் குடம் கேக்குதோ"
என்று கத்தினோம்.
நானும்தான் கத்தினேன்.
திரும்பிப் பார்க்காமல்
இடுப்பில் ஒன்று, தலையில் ஒன்றாய்
அவள் போன திசை உப்பளம்.

ஏழு மணிக்குத் தீ அடங்கியது.
வலைக்கொட்டகைக்கு நாற்பதடி முன்னால் நின்றிருந்தது.
பன்னிரண்டாயிரம் லிட்டர்
கருவேல வேருக்குள் இறங்கியிருந்தது,
இந்த வருஷத்தில் அந்த மண் கண்ட
முதல் நல்ல தண்ணீர்.
மழை என்று பார்த்தால்
தார்ப்பாயில் மூன்று சொட்டு,
செந்தூளை நனைத்துக் காய்ந்த மூன்று வட்டம்.

கொட்டகைக்கு ஓடினேன்.
ஒரு குடம் காலி, மறு குடம் பாதி.
பூமயிலின் சேலை முழுக்க ஈரம்.
செபத்தி வாருபலகையால் விசிறிக்கொண்டிருந்தாள்.
என்னிடம் எதுவும் கேட்கவில்லை,
நானும் எதுவும் சொல்லவில்லை,
பலகையை வாங்கி விசிறினேன்.
ஆம்புலன்ஸ் வர எட்டரை ஆனது,
புகையில் வழி தெரியவில்லையாம்.

மறுநாள் காலை
கரி காண்டிராக்டர் பைக்கில் வந்து
கரிந்த தூர்களை எண்ணிக்கொண்டிருந்தார்.
பாதி வேலை மிச்சம் என்றார்.
நைனா திங்கட்கிழமை வந்தார்,
குடத்துக்கு ஆறு ரூபாய் போதும் என்றார்.
குடிக்காத நாலு குடத்துக்கு
இருபத்துநாலு கொடுத்தேன்.

இதெல்லாம் பிறகு.
அன்று இரவு ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில்,
தொண்டையில் இன்னும் புகை நெடி,
ரெண்டு மணி இருக்கும்,
பூமயிலின் நெற்றியில் கை வைத்தேன்.
ஈரம்.
மேலுதட்டிலும் பொடிப்பொடியாய்.
"இன்னைக்கு என்ன கிழமை?" என்றேன்.
"போடி" என்றாள்.
கையைச் சேலையில் துடைக்காமல்
அப்படியே வைத்துக்கொண்டிருந்தேன்.